நைந்து உதிரும் பழைய குவில்ட்டைத் துவைக்கலாமா?

கேள்வி: அமெரிக்காவில் உள்ள உறவினர் வீட்டிலிருந்து பழைய குவில்ட் (துண்டுத் துணிகளை இணைத்துத் தைத்த அடுக்குப் போர்வை) ஒன்று எங்களிடம் வந்திருக்கிறது. ஒவ்வொரு கட்டத்தின் நடுவிலும் சிவப்புச் சதுரம். சுற்றிலும் ஒல்லியான பட்டைகள், பாதி வெளிர் நிறம், பாதி அடர் நிறம். பழுப்புத் துண்டுகள் தொட்டாலே உதிர்கின்றன. அங்கங்கே மஞ்சள் கறையும் இருக்கிறது. வாஷிங் மெஷினில் போடலாமா? எந்தக் காலத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?

பதில்: மெஷினில் போடாதீர்கள். ட்ரை கிளீனிங்குக்கும் கொடுக்காதீர்கள். பழுப்பு உதிர்கிறது என்று நீங்கள் எழுதியதே போதும், இந்தக் குவில்ட்டைத் தண்ணீரில் நனைக்கவே கூடாது.

19-ஆம் நூற்றாண்டில் அடர் பழுப்பும் கறுப்பும் வர இரும்பு உப்பையும் துவர்ப்புள்ள மரப்பட்டை, காய்களின் சாற்றையும் சேர்த்துச் சாயம் போட்டார்கள். அந்த இரும்பு பருத்தி இழையை மெல்ல மெல்ல அரிக்கும். பூதக்கண்ணாடி வைத்துப் பாருங்கள்: ஒரே துணியில் பழுப்புக் கொடி ஓடிய இடம் மட்டும் ஓட்டையாகி, பக்கத்திலேயே இளஞ்சிவப்புப் பூ உறுதியாக நிற்கும். ஈரம் பட்டால் அரிப்பு வேகமெடுக்கும். போதாததற்கு, நனைந்த குவில்ட்டின் கனம் முழுவதும் அந்த நைந்த இழைகளை இழுக்கும்.

உங்களிடம் இருப்பது ‘லாக் கேபின்’ (மரக்கட்டை வீடு) என்ற வடிவம். நடுச்சதுரம் வீட்டின் கணப்பையும், பட்டைகள் சுவரின் மரக்கட்டைகளையும் குறிப்பதாகச் சொல்வது வழக்கம். வெளிர், அடர் பாதிகளைத் திருப்பித் திருப்பி அடுக்குவதில்தான் இதன் அழகே இருக்கிறது. ஒன்றுக்குள் ஒன்றாக வைரக் கட்டங்கள் தெரிந்தால் ‘பார்ன் ரெய்சிங்’, சாய்வான உழவுசால் போலத் தெரிந்தால் ‘ஸ்ட்ரெய்ட் ஃபரோ’. பட்டைகளை வேறொரு துணியின் (ஆதாரத்துணி) மேல் வைத்துத் தைப்பதால் பல லாக் கேபின்களில் நடுப்பஞ்சே இருக்காது. மேல்துணி, ஆதாரத்துணி, அடித்துணி மூன்றும் நனையும்போது ஒரே அளவில் சுருங்காது. துவைக்க வேண்டாம் என்பதற்கு இது இன்னொரு காரணம்.

வயதுக்கு வருவோம். இந்த வடிவம் அமெரிக்காவில் 1860-களில் பரவியது, இன்றும் தைக்கிறார்கள். அதனால் வடிவத்தை மட்டும் வைத்து வயது சொல்ல முடியாது. குவில்ட்டில் உள்ளதிலேயே புதிய துணி எது என்று தேடுங்கள்; அந்தத் துணி வந்த பிறகுதான் குவில்ட்டைத் தைத்திருக்க முடியும். துணி மூட்டையில் 30, 40 ஆண்டு கிடந்த துண்டையும் எடுத்துத் தைப்பது சகஜம், ஆகவே பழைய துண்டு ஒன்றை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். தளர்ந்து தொங்கும் தையல் நூல் இருந்தால் ஒரு சிறு துணுக்கை இடுக்கியில் பிடித்து, குவில்ட்டிலிருந்து தள்ளிப்போய் எரித்துப் பாருங்கள். காகிதம் எரியும் வாசனையோடு சாம்பலானால் பருத்தி. உருகிக் கெட்டியான மணியானால் பாலியெஸ்டர். அந்தத் தையல் 1950-க்கு முன் போட்டதாக இருக்க வாய்ப்பில்லை. ஆனால் அது பின்னாளில் ஒட்டுப்போட்ட இடமாகவும் இருக்கலாம். இரண்டு மூன்று இடங்களிலிருந்து நூல் எடுத்துப் பார்த்தால் தெளிவாகும்.

தூசியை மட்டும் எடுங்கள். சுத்தமான விரிப்பில் குவில்ட்டைப் பரப்பி, மேலே நைலான் வலையை வையுங்கள். வாக்குவம் கிளீனரை மிகக் குறைந்த இழுவிசையில் வைத்து, குழாயைத் தேய்க்காமல் ஓரிடத்தில் வைத்து எடுத்து, அடுத்த இடத்தில் வையுங்கள். உதிரும் இடங்களைத் தொடவே வேண்டாம். மஞ்சள் கறை இருந்துவிட்டுப் போகட்டும். பிளீச்சிங் அதோடு சேர்த்து இழையையும் தின்றுவிடும்.

நைந்த துண்டைப் பிரித்தெடுத்துப் புதுத்துணி வைக்காதீர்கள். அதே நிறத்தில் மெல்லிய நைலான் நெட்டை மேலே போர்த்தி, உறுதியான பக்கத்துத் துணியில் ஊசி இறங்கும்படி சுற்றிலும் தையுங்கள். இஸ்திரி போட்டு ஒட்டும் துணி வேண்டவே வேண்டாம். அந்தப் பசையைப் பிறகு எடுக்க முடியாது.

பிளாஸ்டிக் பையில் ஈரம் அடைந்து பூஞ்சை வரும். மர அலமாரியில் நேரடியாக வைத்தால் மரத்தின் அமிலம் பழுப்புக் கறையாக இறங்கும். கஞ்சி போகத் துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியில் சுற்றி, மடிப்புகளுக்குள் அமிலமில்லாத டிஷ்யூ தாளை உருட்டி வையுங்கள். வருடத்துக்கு மூன்று நான்கு முறை பிரித்து, பழைய மடிப்பு விழாத இடத்தில் மடியுங்கள். இடம் இருந்தால் மடிக்காமல், தாள் சுற்றிய அகலமான குழாயில் சுருட்டி வைப்பது இன்னும் நல்லது.