பாழடைந்து கிடக்கும் பிற சமயத்தாரின் வழிபாட்டிடங்களைத் தேடிச் சென்று பார்ப்பது சரியா?

எங்கோ ஒரு பழைய குகைக்குள்ளோ கோயிலுக்குள்ளோ சென்று, அங்கிருந்த யாரிடமோ நீங்கள் பேச்சு வாங்கியிருக்கிறீர்கள் என்று எண்ணுகிறேன். இல்லையென்றால் ‘சரியா’ என்று கேட்டிருக்க மாட்டீர்கள். நானும் வாங்கியிருக்கிறேன், மதுரைக்கு மேற்கே கீழக்குயில்குடியை ஒட்டிய சமணர் மலையில்.

நான் தொல்லியல் படித்தவனும் அல்லன், சமணனும் அல்லன். விடுமுறை நாட்களில் மலையேறுபவன், அவ்வளவுதான். ஆகவே அறிஞர்கள் என் சொற்களைப் பிடித்துக்கொண்டு சண்டைக்கு வர வேண்டாம் என்று முதலிலேயே கேட்டுக்கொள்கிறேன்.

அம்மலையின் அடிவாரத்தில் தாமரைக் குளமும் ஆலமரங்களும் சூழ அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே வணங்கிவிட்டு, மலையின் மற்றொரு பக்கத்தில் உள்ள செட்டிப்புடவு என்னும் குகைக்கு ஏறினேன். குகைக்கு வெளியே பாறையில், சமணர் வணங்கும் ஞானியரான தீர்த்தங்கரருள் ஒருவர் பெரிய சிற்பமாக அமர்ந்திருக்கிறார். உள்ளே, சிங்கத்தின் மீதிருந்து யானைமேல் வருபவனோடு போரிடும் இயக்கி என்னும் சமணப் பெண் தெய்வமும், தீர்த்தங்கரர்களும், அவர்களுக்குக் கீழே வட்டெழுத்து என்னும் பழைய தமிழ் எழுத்தில் வெட்டிய கல்வெட்டுகளும் உள்ளன. அந்த இயக்கியைத் துர்க்கை என்று நெடுநாள் நம்பிக்கொண்டிருந்தவன் நான் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

அன்று வெளியே இருந்த சிற்பத்தின் முன் ஒரு மூதாட்டி அகல் ஏற்றிக்கொண்டிருந்தார். கற்றுக்குட்டிக்கு இருக்கும் துணிச்சலோடு, “அம்மா, இது மகாவீரர். எண்ணெய் பட்டால் கல் கெட்டுவிடும்” என்றேன். அவர் திரும்பி என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார்.

“எனக்கு இவரு செட்டியாருதான் தம்பி. கீழ அய்யனாருகிட்ட செருப்பைக் கழட்டுனியா இல்லையா?”

கழற்றியிருந்தேன். இங்கே மட்டும் ஏன் கழற்றவில்லை என்று அவர் கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்ல எனக்குப் பதிலும் இல்லை. எனக்குப் பழக்கமான சாமியைக் கோயிலாகவும், பழக்கமில்லாததை அருங்காட்சியகமாகவும் கண்டிருக்கிறேன். எண்ணெய்ப் பிசுக்குச் சிற்பத்துக்கு நல்லதன்று என்பதில் இன்றும் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை, ஆனால் அதைச் சொல்லும் யோக்கியதை அன்று எனக்கு இருக்கவில்லை.

அதே மலையில் உள்ள பேச்சிப்பள்ளத்தில் வரிசையாகத் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் கீழ், ‘அச்சணந்தி தாயார் குணமதியார் செய்வித்த திருமேனி’ என்று வட்டெழுத்தில் வெட்டப்பட்டிருக்கிறது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் ஒரு துறவியின் தாய் தம் பெயரோடு அங்கே நிற்கிறார். பாறையில் தம் காதலியின் பெயரைச் சுரண்டி வைத்துவிட்டுப் போகும் படித்த பிள்ளைகளையும், எழுத்துத் தெளிவாகத் தெரியச் சுண்ணக்கட்டியால் தேய்த்துப் படமெடுக்கும் ‘பாரம்பரிய ஆர்வலர்களையும்’ அங்கேதான் கண்டேன். விளக்கேற்றிய மூதாட்டியை விட இவர்களால் விளைந்த சேதமே அதிகம்.

‘பராமரிப்பில்லை’ என்று எல்லாரும் புலம்புகிறார்கள். பராமரிப்பு என்ற பெயரில் நடப்பதையும் நான் பார்த்திருக்கிறேன். என் சொந்த ஊர்ச் சிவன் கோயிலில், நான் பள்ளியில் படித்தபோது எழுத்துக் கூட்டிப் படிக்க முயன்ற கல்வெட்டுகள் இருந்தன. குடமுழுக்குக்காக மணல்வீச்சு இயந்திரத்தைக் கொண்டுவந்து சுவரைப் ‘புதிதாக்கினார்கள்’. இப்போது அந்த இடத்தைத் தடவிப் பார்த்தாலும் ஒன்றும் தட்டுப்படுவதில்லை. கேட்டதற்குத் திருப்பணிக்கு எதிரி என்று பெயர் கிடைத்தது. யாரும் கவனிக்காத செட்டிப்புடவிலோ, குரண்டித் திருக்காட்டாம்பள்ளி என்ற சமணத் துறவியர் மடத்தின் பெயரை வட்டெழுத்து தெரிந்தவர் இன்றும் வாசிக்கலாம்.

ஆகவே தாராளமாகச் செல்லுங்கள். சமணர் மலைக்குப் பிறகு மதுரையை அடுத்த யானைமலைக்கும் சென்று பாருங்கள். ஒரே மலையில் சமணத் துறவியருக்காகப் பாறையில் வெட்டிய படுக்கைகள், கி.பி. 770ஐச் சேர்ந்த கல்வெட்டுடைய, பாறையைக் குடைந்து செய்த நரசிங்கப் பெருமாள் குடைவரை, லாடன் கோயில் என்னும் முருகன் குடைவரை ஆகிய மூன்றும் நடந்து செல்லும் தொலைவுக்குள் இருக்கின்றன. எங்கே சென்றாலும் அடிவாரத்தில் ஆடு மேய்ப்பவரிடமோ தேநீர்க் கடைக்காரரிடமோ அந்த இடத்தை அவர்கள் என்ன பெயர் சொல்லி அழைக்கிறார்கள் என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். காலை எட்டு மணிக்குள் ஏறிவிடுவதும் நல்லது. அதன்பின் பாறை சுடத் தொடங்கும், செருப்பைக் கழற்ற மனம் வராது.