புது பிராட்பேண்ட் வாங்கும்போது பழையதை எப்போது நிறுத்துவது?

கேள்வி: மதுரையில் அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றில் மூன்றாவது மாடியில் இருக்கிறோம். வீட்டிலிருந்தே வேலை பார்க்கிறேன். உள்ளூர் கேபிள்காரர் மூலம் 100 எம்பிபிஎஸ் பிளான் எடுத்திருக்கிறோம். சாயங்காலம் ஆனால் வீடியோ மீட்டிங் திக்குகிறது. கரண்ட் போனால், வீட்டில் இன்வெர்ட்டர் இருந்தும் நெட் போய்விடுகிறது. வேறு கம்பெனியின் விற்பனையாளர் ஒருவர், "ஆறு மாதப் பணத்தைச் சேர்த்துக் கட்டினால் இன்ஸ்டலேஷன் இலவசம், பழைய கம்பெனியிடம் நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்கிறார். மொபைல் போல போர்ட் செய்ய முடியுமா? மாமனார் பெயரில் பழைய பிஎஸ்என்எல் லேண்ட்லைன் ஒன்றும் இருக்கிறது. சொந்தக்காரர்கள் எல்லோரும் அந்த எண்ணில்தான் அழைப்பார்கள். அது போய்விடுமா?

பதில்: முதலில் போர்ட் விஷயம். எண்ணை மாற்றாமல் கம்பெனி மாறும் வசதி மொபைலுக்கு மட்டும்தான். 2011 ஜனவரியில் அது நாடு முழுவதும் வந்தது. வீட்டு பிராட்பேண்டுக்கு அப்படி ஒன்று இன்றுவரை இல்லை. புது இணைப்பு வாங்குவது ஒரு வேலை, பழையதை முடிப்பது வேறொரு வேலை. பழையதை நிறுத்தச் சொல்ல வேண்டியவர், கணக்கு யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான். "நாங்களே பேசிக்கொள்கிறோம்" என்ற பேச்சை நம்பி விட்டுவிட்டால், பழைய பக்கம் பில் ஓடிக்கொண்டே இருக்கும்.

போர்ட் வசதி இல்லாததில் உங்களுக்கு ஒரு லாபமும் உண்டு. இரண்டு இணைப்புகளையும் ஒரே வீட்டில் சில வாரம் சேர்த்து ஓட்டலாம். வேலையே இணையத்தை நம்பி நடக்கும் வீட்டில் ஒரு மாத வாடகை கூடுதலாகப் போனாலும் பரவாயில்லை, இதைக் கட்டாயம் செய்யுங்கள் என்பேன்.

அதற்கு முன், கோளாறு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிடுங்கள். லேப்டாப்பை லேன் கேபிளால் நேரடியாக ரவுட்டரில் செருகி, இரவு எட்டு மணியிலிருந்து பத்து மணிக்குள் வேகத்தைப் பாருங்கள். கேபிளில் 90க்கு மேல் வந்து, வைஃபையில் மட்டும் 15, 20 என்று விழுந்தால் கம்பெனியை மாற்றிப் பயனில்லை. ரவுட்டரைத்தான் மாற்ற வேண்டும், அல்லது வேறு இடத்தில் வைக்க வேண்டும். அடுக்குமாடியில் எல்லா வீட்டு வைஃபையும் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையிலேயே நெருக்கியடிப்பதால், லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே பல வீடுகளில் பிரச்சினை தீர்ந்துவிடும். வேகம் காட்டும் தளத்தை மட்டும் வைத்து முடிவுக்கு வராதீர்கள். அது பக்கத்தில் இருக்கும் சர்வரைத் தானாகவே தேர்ந்தெடுக்கும். அந்த சர்வர் பல நேரம் உங்கள் கம்பெனியின் வலைக்குள்ளேயே இருக்கும். அங்கே முழு வேகம் காட்டும், அலுவலக மீட்டிங்கோ திக்கும். அதனால் மீட்டிங் நேரத்திலேயே சோதித்துப் பாருங்கள்.

உங்கள் கடிதத்தில் என் கவனத்தை இழுத்தது கரண்ட் போகும்போது நெட்டும் போகிறது என்ற வரிதான். இன்வெர்ட்டரில் ரவுட்டர் ஓடிக்கொண்டிருந்தும் இணைப்பு இல்லை என்றால், உங்கள் வீட்டுக்குள் வருவது ஃபைபர் (ஒளி வழியாக நெட் கொண்டுவரும் கண்ணாடி இழை) அல்லாமல் லேன் கேபிளாக இருக்க வாய்ப்பு அதிகம். மாடிப்படி ஓரமோ மொட்டை மாடியோ, எங்காவது ஒரு தகரப் பெட்டி இருக்கும், போய்ப் பாருங்கள். ஃபைபர் அதுவரை வந்து நின்றுவிடும். உள்ளே இருக்கும் ஸ்விட்ச் என்ற, நெட்டைப் பல வீடுகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் கருவியிலிருந்து வீட்டுக்கு ஒன்றாக லேன் கேபிள் இழுத்திருப்பார்கள். அந்த ஸ்விட்சுக்குக் கரண்ட் வேண்டும். பொதுவான மின் இணைப்பு போனால், அதனுள் பேட்டரி இல்லாதவரை, அந்தப் பெட்டியை நம்பியிருக்கும் எல்லா வீட்டுக்கும் நெட் போய்விடும். இடி மின்னல் நேரத்தில் செம்புக் கம்பி வழியாக மின்னதிர்ச்சி வந்து ரவுட்டரில் கேபிள் செருகும் இடம் எரிந்துபோவதும் இந்த அமைப்பில்தான்.

ஃபைபர் வீட்டுக்குள்ளேயே வந்தால் கதை வேறு. தெருவில் ஒளியைப் பிரித்துக் கொடுக்கும் ஸ்ப்ளிட்டருக்கு மின்சாரமே தேவையில்லை. கம்பெனியின் நிலையத்தில் பேட்டரியும், உங்கள் வீட்டில் ரவுட்டருக்கான 12 வோல்ட் மினி யுபிஎஸ்ஸோ இன்வெர்ட்டரோ இருந்தால் தெரு முழுக்க இருட்டானாலும் மீட்டிங் நடக்கும். ஆகவே விற்பனையாளரிடம் வேகத்தைக் கேட்பதற்கு முன், "ஃபைபர் என் வீட்டுச் சுவர் வரை வருமா, கீழே பெட்டியோடு நிற்குமா?" என்று கேளுங்கள். எல்லாரும் "ஃபைபர்தான் மேடம்" என்பார்கள். வீட்டுக்குள் வரும் ஒயரைப் பார்த்தால்தான் உண்மை தெரியும். ஃபைபர் என்றால் நுனியில் பச்சை அல்லது நீல நிறத்தில் சிறிய சதுரக் கனெக்டர் இருக்கும்.

எந்தக் கம்பெனி என்று பெயர் கேட்டால் நான் சொல்ல மாட்டேன், ஏனென்றால் பெயரை வைத்து இதை முடிவு செய்ய முடியாது. ஒரே கம்பெனி ஒரு தெருவில் நன்றாகவும் அடுத்த தெருவில் மோசமாகவும் இருக்கும். கடைசி அரை கிலோமீட்டரைப் பராமரிக்கும் ஆட்களும், அறுந்த ஃபைபரை எத்தனை மணி நேரத்தில் ஒட்டித் தருகிறார்கள் என்பதும்தான் முக்கியம். உங்கள் குடியிருப்பில் அதே இணைப்பு வைத்திருப்பவரிடம், "போன மழைக்கு எத்தனை நாள் நெட் இல்லை?" என்று கேளுங்கள். விளம்பரத்தில் கிடைக்காத தகவல் அது. 5ஜி வழியாக ஆன்டெனாவில் வரும் ஏர்ஃபைபர் வகை இணைப்புகளும் இப்போது கிடைக்கின்றன. ஃபைபர் வரவே வராத இடத்துக்கு அவை நல்ல வழி. ஃபைபர் கிடைக்கும் வீட்டில் அதைத்தான் எடுக்க வேண்டும், உங்களைப் போல நாள் முழுக்க மீட்டிங்கில் இருப்பவர்கள் குறிப்பாக.

ஆறு மாதப் பணத்தை முதலிலேயே கட்டாதீர்கள். இன்ஸ்டலேஷன் கட்டணம் கொடுத்தாவது மாதாந்தர பிளானில் ஆரம்பியுங்கள். அந்தத் தொகையை, பிடிக்காவிட்டால் விலகிக்கொள்ளும் சுதந்திரத்தின் விலையாக நினைத்துக்கொள்ளுங்கள். விளம்பர விலையோடு 18 சதவீத ஜிஎஸ்டி சேரும் என்பதும் ஞாபகம் இருக்கட்டும். 999 ரூபாய் பிளானுக்குக் கையிலிருந்து போவது 1,178 ரூபாய் 82 காசு.

இணைப்பு கொடுக்க ஆள் வரும்போது பக்கத்தில் நில்லுங்கள். அவர் கையில் ஃபைபரில் வரும் ஒளியின் பலத்தைக் காட்டும் பவர் மீட்டர் இருக்கும். ஃபைபரை அதில் செருகிக் காட்டச் சொல்லுங்கள். மைனஸ் 19, 20 என்று காட்டினால் நிம்மதி. மைனஸ் 25ஐ நெருங்கினால் அப்போதே சரிசெய்யச் சொல்லுங்கள். வழக்கமான கருவிகள் மைனஸ் 27 வரைதான் தாங்கும், அந்த விளிம்பில் இருக்கும் இணைப்பு அடிக்கடி அறுபடும். பல நேரம் காரணம் மிகச் சின்னதாக இருக்கும்: பீரோவுக்குப் பின்னால் ஃபைபரைக் கூர்மையாக மடித்திருப்பார்கள், அல்லது கனெக்டரில் தூசி இருக்கும்.

புது ரவுட்டர் வந்ததும் முதலில் வேறு வைஃபை பெயரில் வைத்து இரண்டு வாரமாவது ஓட்டிப் பாருங்கள். அலுவலக விபிஎன் (அலுவலக வலைக்குள் பாதுகாப்பாக நுழையும் வழி) ஒழுங்காக ஏறுகிறதா என்று கட்டாயம் பாருங்கள். வெளியூரிலிருந்து நேரடி ஐபி முகவரி (இணையத்தில் உங்கள் இணைப்பைக் காட்டும் எண்) மூலம் சிசிடிவி பார்ப்பவராக இருந்தால் தனி ஐபி கிடைக்குமா என்றும் கேளுங்கள். பல கம்பெனிகள் ஒரே பொது ஐபியைப் பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்றன, அதில் அந்த முறை வேலை செய்யாது. எல்லாம் திருப்தி என்றானதும் பழைய ரவுட்டரை அணைத்துவிட்டு, அதன் வைஃபை பெயரையும் பாஸ்வேர்டையும் எழுத்து மாறாமல் புதியதற்கு வையுங்கள். டிவி, பிரிண்டர், போன்கள் பெரும்பாலும் தானாகவே வந்து சேர்ந்துகொள்ளும்.

மாமனாரின் லேண்ட்லைன், கேபிள்காரரின் பிராட்பேண்டோடு சம்பந்தமில்லாத தனிக் கணக்கு. அதனால் பிராட்பேண்டை மாற்றினால் அதற்கு ஒன்றும் ஆகாது. அதே எண்ணை வேறு கம்பெனிக்குக் கொண்டுபோக மட்டும் முடியாது. பிஎஸ்என்எல்லிலேயே செம்புக் கம்பியிலிருந்து ஃபைபருக்கு மாறினால் பெரும்பாலும் எண் அப்படியே தொடரும். உங்கள் குடியிருப்பில் அவர்களின் ஃபைபர் நன்றாக இருக்கிறது என்று தெரிந்தால், இரண்டு செலவை ஒன்றாக்க இது நல்ல வாய்ப்பு. ஆனால் ஒன்றை மாமனாரிடம் சொல்லிவிடுங்கள். பழைய போனுக்கு மின்சாரம் எக்ஸ்சேஞ்சிலிருந்தே வந்தது, கரண்ட் போனாலும் மணி அடித்தது. ஃபைபர் போன் வீட்டு ரவுட்டரை நம்பி இருக்கிறது. பேட்டரி இல்லையென்றால் அதுவும் அணைந்துவிடும்.

பழையதை முடிக்கும்போது போனில் சொன்னதோடு நிற்காமல் மின்னஞ்சலோ ஆப்போ வழியாக எழுத்தில் கொடுத்து, கோரிக்கை எண்ணை வாங்கிக்கொள்ளுங்கள். அடுத்த பில் தேதிக்கு ஒரு வாரம் முன்னதாகச் செய்தால் கூடுதல் மாதக் கட்டணம் பற்றிய தகராறு வராது. ரவுட்டர் அவர்களுடையது என்றால், பின்புறம் ஒட்டியிருக்கும் சீரியல் எண்ணைப் படம் எடுத்து வைத்து, திருப்பித் தரும்போது அந்த எண்ணோடு ரசீது வாங்குங்கள். டெபாசிட் திரும்ப வருவதற்கு அந்தச் சீட்டுதான் ஆதாரம்.

பணம் வராமல் இழுத்தால் பில்லைப் பாருங்கள். கேபிள்காரர் பெரும்பாலும் முகவர்தான், உரிமம் பெற்ற கம்பெனியின் பெயர் பில்லில் இருக்கும். அந்தக் கம்பெனியின் வாடிக்கையாளர் மையத்தில் புகார் எண் பெறுங்கள். பலன் இல்லையென்றால் அதே கம்பெனியின் மேல்முறையீட்டு அதிகாரிக்கு எழுதுங்கள், அதற்குக் கட்டணம் கிடையாது. தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் தனிநபர் புகார்களைத் தானே விசாரிப்பதில்லை, அங்கே எழுதிக் காத்திருக்க வேண்டாம். தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. தொலைத்தொடர்புப் புகார்களுக்கும் நுகர்வோர் ஆணையத்துக்குப் போகலாம் என்று உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

அப்புறம், பழைய கணக்குக்கு வங்கியிலோ யுபிஐயிலோ ஆட்டோபே போட்டிருந்தால், கடைசி பில் கட்டி முடிந்த அன்றே அதை நீங்களே உங்கள் ஆப்பில் ரத்து செய்துவிடுங்கள். கணக்கை மூடினால் அதுவும் சேர்ந்தே நின்றுவிடும் என்று விட்டுவிட வேண்டாம்.