கையெழுத்துப் போடும் முன் அந்த ஒரு வார்த்தையைப் பாருங்கள், அக்கா

அக்கா, தம்பியின் ஃபாரத்தை நீட்டி, "பர்சரி என்று போட்டிருக்கிறார்களே, ஸ்காலர்ஷிப் பள்ளிக்கூடத்துக்கு, இது யூனிவர்சிட்டிக்கா?" என்று கேட்டீர்கள். தென்னாப்பிரிக்காவில், நம் டர்பன் சாட்ஸ்வொர்த்தில் பள்ளிப் பிள்ளைகளையே ஸ்காலர் என்கிறோம், காலையில் ரோட்டைக் கடக்க உதவுகிற பிள்ளைகளும் ஸ்காலர் பட்ரோல்தான், அதனால் அப்படித் தோன்றும், ஆனால் வித்தியாசம் அது இல்லை. தமிழிலோ இரண்டுமே உதவித்தொகை ஆகிவிடுகிறது.

ஸ்காலர்ஷிப் பெரும்பாலும் மார்க்குக்குத் தருவது. பள்ளியின் கடைசி வருடப் பரீட்சையான மெட்ரிக்கில் நன்றாக வாங்கினால் கிடைக்கும், வருடா வருடம் அந்த மார்க்கை விடாமல் பிடித்திருக்க வேண்டும்.

பர்சரியில்தான் கவனம் வேண்டும். அந்தப் பெயர் பணப்பை என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது, பர்ஸும் அதே வேர்தான். பல பர்சரிகளில் வீட்டு வருமானத்தையும் பார்ப்பார்கள். அரசின் மாணவர் நிதியுதவித் திட்டமான என்எஸ்ஃபாஸ் 2018-க்கு முன் கடனாகத் தந்தது, அந்த வருடம் புதிதாகச் சேர்ந்தவர்களிலிருந்து அது பர்சரி ஆனது, குடும்ப வருமானம் வருடத்துக்கு 350,000 ராண்டுக்குள் இருக்க வேண்டும். ஆனால் டீச்சர் படிப்புக்கான அரசு பர்சரி ஃபுன்சா லுஷாகா வேறு மாதிரி: எத்தனை வருடம் பணம் வாங்கினானோ அத்தனை வருடம் அரசுப் பள்ளியில் வேலை செய்து கழிக்க வேண்டும், இல்லையென்றால் அதுவே வட்டியோடு கடனாகிவிடும். கம்பெனிகள் தருகிற பர்சரி பலவற்றிலும் இதே 'வொர்க் பேக்' உண்டு. சிலர் இந்த நிபந்தனையை வைத்துக்கொண்டே ஸ்காலர்ஷிப் என்றும் பெயர் போடுகிறார்கள், அதனால் தலைப்பை மட்டும் பார்த்து நம்பிவிடாதீர்கள்.

என்னிடம் வந்த ஒரு பையன், இன்ஜினியரிங் முடித்து ஒரே வருடத்தில் ஜோஹானஸ்பர்க்கில் நல்ல வேலை கிடைத்தது என்று போய்விட்டான். படிக்க வைத்த கம்பெனியிலிருந்து லெட்டர் வந்தது, அவன் அம்மா அதை நாலாக மடித்து முந்தானையில் முடிந்து கொண்டுவந்தார். ஒப்பந்தத்தைப் புரட்டினால் கடைசிப் பக்கத்தில் பொடி எழுத்தில் மூன்று வருடம் வேலை செய்ய வேண்டும் என்று இருந்தது, அதன் கீழே அவருடைய கையெழுத்து. அதை முன்பே கேட்டு வாங்கிப் படிக்காமல் விட்டேனே என்று எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை.

அதனால் தம்பியோடு உட்கார்ந்து மூன்று கேள்விக்குப் பதில் தேடுங்கள். எத்தனை வருடம் வேலை செய்ய வேண்டும், எந்த ஊரில், நடுவில் ஒரு பாடத்தில் ஃபெயிலானால் என்ன ஆகும்? டர்பனை விட்டுப் போக அவனுக்குச் சம்மதமா என்றும் கேளுங்கள், வேலைக்குப் போகப்போவது அவன்தானே. ஒப்பந்தம் வந்ததும் கையெழுத்துப் போடாமல் அப்படியே எடுத்துக்கொண்டு வாருங்கள், சனிக்கிழமை காலையில் நான் இருப்பேன்.