படியும் துகள்களைக் கணினியில் கணக்கிடுதல்: கேள்வி பதில்

கேள்வி (முதுகலை மாணவி): நீரில் 10 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள குவார்ட்சு உருண்டைகளை விழச் செய்கிறேன். நேரப் படி (ஒரு கணக்கீட்டிலிருந்து அடுத்ததற்கான கால இடைவெளி) ஒரு மில்லிநொடி. சில படிகளிலேயே திசைவேகம் கட்டுக்கடங்காமல் பெருகிவிடுகிறது. சூத்திரம் தவறா?

பதில்: சூத்திரம் சரியே, நேரப் படிதான் பெரிது. இவ்வளவு சிறிய துகள் நீரின் இழுவைக்கு இணங்க எடுத்துக்கொள்ளும் காலம் ஏறத்தாழ 15 மைக்ரோநொடி. இப்போதைய திசைவேகத்தைக் கொண்டே அடுத்ததைக் கணக்கிடும் எளிய ஆய்லர் முறையில் நேரப் படி அதன் இருமடங்கைத் தாண்டினால் விடை நிலைகொள்ளாது. இழுவையை அடுத்த கணத்தின் திசைவேகத்தைக் கொண்டு கணக்கிடுங்கள்; அல்லது நிலைமத்தை விட்டுவிட்டு, மெதுவாக விழும் சிறு உருண்டையின் நிலையான வேகத்துக்கான ஸ்டோக்ஸ் விதி தரும் நொடிக்கு 0.09 மில்லிமீட்டரை நேரடியாகவே கொடுத்துவிடுங்கள்.

கேள்வி (பொறியாளர்): 1 மில்லிமீட்டர் மணலுக்கு அதே விதி நொடிக்கு 90 சென்டிமீட்டர் என்கிறது. நம்பலாமா?

பதில்: கூடாது. ரெய்னால்ட்ஸ் எண் (பாகுநிலை விசையோடு ஒப்பிட நிலைம விசை எவ்வளவு என்பதைக் காட்டும் எண்) ஒன்றுக்கு மிகக் குறைவாக இருக்கும்வரைதான் அவ்விதி செல்லும். ரெய்னால்ட்ஸ் எண் கூடும்போதும் இழுவையைத் தரும் ஷில்லர்–நௌமன் இழுவைக் கெழுவைப் பயன்படுத்தினால், உருண்டையான மணலுக்கு நொடிக்கு 15 சென்டிமீட்டர் அளவே வரும்.

கேள்வி (ஆய்வு மாணவர்): ஆறு பக்கங்களிலும் சுழல் எல்லை (ஒரு பக்கம் வெளியேறுவது எதிர்ப்பக்கம் மீண்டும் நுழையும் அமைப்பு) வைத்த பெட்டியில், துகள்களோடு நீரும் சேர்ந்து மேன்மேலும் வேகமாகக் கீழே போய்க்கொண்டே இருக்கிறது. எங்கே பிழை?

பதில்: பலரும் இடறுமிடம் இதுதான். உங்கள் பெட்டிக்கு அடித்தளம் இல்லை. ஆகவே மிதப்புவிசை போக எஞ்சும் எடையைத் தாங்க ஒன்றுமில்லை. உண்மையான சாடியில் அடித்தளத்தின் அழுத்தம் அந்த எடையைத் தாங்குவதால், இறங்கும் துகள் விலக்கிய நீர் அதே அளவில் மேலேறியே ஆக வேண்டும். எனவே எஞ்சிய எடையைப் பெட்டியின் கன அளவால் வகுத்து, அதை மேல்நோக்கிய சீரான விசையாகச் சேர்த்து, துகளும் நீரும் சேர்ந்த மொத்த ஓட்டம் சுழியாக இருக்கிறதா என்று ஒவ்வொரு படியிலும் பாருங்கள். இந்த எதிரோட்டம் இல்லாத நிரல், படம் எவ்வளவு அழகாக இருந்தாலும், படிதலைக் கணக்கிடவில்லை என்பதே என் உறுதியான கருத்து.

சரிபார்க்க, துகள்கள் கூடக் கூடப் படியும் வேகம் எவ்வளவு குறையும் என்று 1954இல் ரிச்சர்ட்சனும் ஸாக்கியும் தந்த உறவு உதவும். கன அளவில் 10 விழுக்காடு துகள்கள் இருந்தால், நீரின் பங்கான 0.9ஐ 4.65 அடுக்குக்கு உயர்த்த, தனித்துகள் வேகத்தில் 61 விழுக்காடு கிடைக்கும். ஒரே அளவுத் துகள்களைக் கலக்கி அளவுச்சாடியில் அசையாமல் வைத்தால், மேலே தெளிந்த நீருக்கும் கீழே கலங்கலுக்கும் இடையே ஒரு கோடு தெரியும்; அது இறங்கும் வேகமே நீங்கள் ஒப்பிட வேண்டிய எண்.

கேள்வி (அதே மாணவர்): பெட்டியைப் பெரிதாக்கினால் துகள்களின் வேக ஏற்ற இறக்கமும் பெரிதாகிறதே?

பதில்: துகள்கள் ஒழுங்கின்றிச் சிதறியிருந்தால் அப்படித்தான் ஆகும் என்று காஃபிளிஷும் லூக்கும் 1985இலேயே காட்டினர். பெட்டியின் அகலத்தைக் குறிப்பிடாமல் அந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் வெளியிடாதீர்கள். பெட்டியின் மேலேயும் கீழேயும் சுவர் வைத்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.