நோட்டீஸில் காளை மாடு எதற்கு?

கேள்வி: அண்ணா, நானும் என் கணவரும் மரச்செக்குப் போட்டு எட்டு மாதம் ஆகிறது. மோட்டாரில் ஓடும் வாகை மரச் செக்கு. நிலக்கடலைப் பருப்பு கிலோ 120 ரூபாய்க்கு வாங்குகிறோம், எண்ணெயை லிட்டர் 340-க்குக் கொடுக்கிறோம். 2,000 நோட்டீஸ் அடித்து வீடு வீடாகப் போட்டும் பத்துப் பேர்கூட வரவில்லை. வாட்ஸ்அப்பிலும் அதையே வைத்திருக்கிறேன். நோட்டீஸை இணைத்துள்ளேன். எங்கே தப்பு?
- ஒரு வாசகி, காங்கேயம்

பதில்: சகோதரி, உங்கள் நோட்டீஸை நான்கு தடவை படித்தேன். 'பாரம்பரியம் மிக்க 100% தூய்மையான எண்ணெய். தரமே எங்கள் தாரக மந்திரம். கொலஸ்ட்ரால் இல்லாதது. சர்க்கரை, மாரடைப்பை விரட்டும். முந்துங்கள்!' பக்கத்தில் செக்கு இழுக்கும் காளை மாட்டுப் படம்.

ஈரோட்டில் ஓர் அச்சகத்தில் 19 வருடம் கம்போசிங் பார்த்தவன் நான். 'தரமே தாரக மந்திரம்' என்று பாத்திரக் கடைக்கும் கோர்த்திருக்கிறேன், பள்ளிக்கூடத்துக்கும் கோர்த்திருக்கிறேன். யாருக்கும் பொருந்துகிற வரி அது. அதில் உங்கள் செக்கு எங்கே இருக்கிறது? கொலஸ்ட்ராலும் அப்படித்தான். எந்தத் தாவர எண்ணெயிலும் அது கிடையாது. கடையில் விற்கிற பாக்கெட் எண்ணெயிலும் அதையேதான் போட்டிருக்கிறார்கள்.

சர்க்கரை, மாரடைப்பு வரியை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் 53-ஆவது பிரிவில், தவறாக வழிநடத்தும் விளம்பரத்துக்கு 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. எனக்கு அதைவிடப் பெரிய காரணம் ஒன்று இருக்கிறது. என் அம்மா இதே மாதிரி ஒரு துண்டு நோட்டீஸை நம்பி மூன்று மாதம் சர்க்கரை மாத்திரையை நிறுத்திவிட்டார். காலில் புண் வந்த பிறகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த நோட்டீஸை எழுதியவரும் ஏமாற்ற நினைத்திருக்க மாட்டார். எல்லாரும் எழுதுகிறார்களே என்று எழுதியிருப்பார்.

காளை மாடும் வேண்டாம். மாட்டை எதிர்பார்த்து வருகிறவர் மோட்டாரைப் பார்த்தால், எண்ணெயையும் சந்தேகப்படுவார்.

சரி, எதை எழுதுவது? உங்கள் தெருவில் பாக்கெட் எண்ணெய் வாங்குகிற ஒரு அக்காவை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மனதில் ஓடுவது இரண்டே கேள்விதான். ஏன் இவ்வளவு விலை? பாமாயில் கலந்திருப்பார்களோ? முதல் கேள்விக்குப் பதில் உங்கள் கணக்கு நோட்டிலேயே இருக்கிறது. ஒரு லிட்டருக்கு ஏறக்குறைய இரண்டரைக் கிலோ பருப்பு ஆகும். அதற்கே 300 ரூபாய் போய்விடுகிறது. புண்ணாக்கு விற்ற காசு வந்தாலும் கரண்ட், கூலி, பாட்டில் எல்லாம் இருக்கிறதே. இதை மறைக்காமல் எழுதினால் 340 அதிகமாகத் தெரியாது. இரண்டாவது சந்தேகத்தை வார்த்தையால் தீர்க்க முடியாது, வந்து பார்க்கச் சொல்லுங்கள்.

நான் எழுதினால் இப்படி எழுதுவேன். நாளும் நேரமும் உங்கள் வசதிப்படி மாற்றிக்கொள்ளுங்கள்:

*கடலை எண்ணெய், 1 லிட்டர் 340 ரூபாய். ஒரு லிட்டருக்கு இரண்டரைக் கிலோ பருப்பு ஆட்டுகிறோம். மோட்டாரில் ஓடும் மரச்செக்கு. செவ்வாய், வெள்ளி காலை 7 மணிக்கு ஆட்டும்போது நேரில் வந்து பார்க்கலாம். வெயிலில் தெளியவைத்துத்தான் ஊற்றுகிறோம், ஆனாலும் அடியில் கொஞ்சம் மண்டி நிற்கும். பலகாரம் சுடும்போது லேசாகப் பொங்கும், வாணலியில் குறைவாக ஊற்றுங்கள்.*

மண்டியையும் பொங்குவதையும் நாமே சொல்லலாமா என்று தயங்குவீர்கள். சொல்லுங்கள். முதல் தடவை வாங்கியவர் பொங்குவதைப் பார்த்ததும் கலப்படம் என்றுதான் நினைப்பார், திரும்ப வரமாட்டார். முன்பே சொல்லியிருந்தால் 'ஆமாம், அவர்கள் சொன்னார்களே' என்பார். கீழே உங்கள் 14 இலக்க எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. (உணவுப் பாதுகாப்பு ஆணைய) எண்ணும், செக்குக்கு வரும் வழியும் போதும். 2,000 வேண்டாம், சுற்றியுள்ள நான்கு தெருவுக்கு 200 அடியுங்கள். நீங்களே கையில் கொடுங்கள். அவர்கள் கேட்கிற கேள்விகளைக் குறித்துக்கொண்டு வந்தால் அடுத்த நோட்டீஸ் தயார்.

கேள்வி: இன்ஸ்டாகிராமில் சுங்குடிச் சேலை விற்கிறேன். 'விலைக்கு இன்பாக்ஸ் வரவும்' என்றுதான் போடுகிறேன். சரியா?
- ஒரு வாசகி, மதுரை

பதில்: விலையைப் போட்டுவிடுங்கள் அம்மா. கூச்சப்படுகிறவர்கள் கேட்காமலே போய்விடுவார்கள். அப்புறம், கையால் முடிச்சுப் போட்டதா, அச்சு வைத்ததா என்பதையும் விலைக்குப் பக்கத்திலேயே எழுதுங்கள். கை முடிச்சு என்றால் புள்ளிகள் தெரிகிற மாதிரி கிட்டத்தில் ஒரு படம் எடுத்துப் போடுங்கள்.