ஆம்னியில் 'கடக் கடக்': முழு செட்டும் மாற்ற வேண்டுமா?

கேள்வி: சமையல் கான்ட்ராக்ட் எடுக்கிறேன். பாத்திரம் ஏற்ற 2007 மாடல் மாருதி ஆம்னி வைத்திருக்கிறேன். ஸ்பீட் பிரேக்கரில் ஏறி இறங்கினால் காலுக்கடியில் 'கடக் கடக்' சத்தம். "முன் சஸ்பென்ஷன் முழுசா மாத்தணும், 16,000 ஆகும்" என்கிறார் மெக்கானிக். மச்சானுக்கு ஸ்பானர் வேலை தெரியும். சாமான் வாங்கி வீட்டிலேயே மாட்டிவிடலாமா?

பதில்: எது தேய்ந்திருக்கிறது என்று அவர் காட்டினாரா? ஆம்னியில் உட்காருவதே முன் வீலுக்கு மேலேதான். மூட்டுகளில் இருக்கும் ஒரு ரப்பர் புஷ் போனாலும் வண்டியே கழன்று விழுவது போலக் கேட்கும்.

முதலில் நீங்களே பாருங்கள். வண்டியை ஜாக்கியில் தூக்கி, கட்டாயம் ஸ்டாண்டு கொடுத்து, வீலை மேலும் கீழும் பிடித்து ஆட்டுங்கள். ஆட்டம் இருந்தால் மச்சானை பிரேக் மிதிக்கச் சொல்லுங்கள். ஆட்டம் நின்றுவிட்டால் வீல் பேரிங்; நிற்காவிட்டால் பெரும்பாலும் லோயர் ஆர்ம் பால் ஜாயிண்ட், அதாவது வீலைக் கீழ்க் கையோடு இணைக்கும் உருண்டை மூட்டு. இடமும் வலமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆடினால் டை ராட் எண்டை, அதாவது ஸ்டீயரிங்கிலிருந்து வீலைத் திருப்பும் கம்பியின் முனையைப் பாருங்கள். ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் சேர்ந்த ஸ்ட்ரட்டில் எண்ணெய் வழிந்து மண் அப்பியிருந்தால் அது முடிந்த கதை. அதை மட்டும் ஜோடியாகத்தான் மாற்ற வேண்டும். ஒரு பக்க பால் ஜாயிண்ட் போனதற்கு இரண்டு பக்கமும் மாற்றத் தேவையில்லை. மெக்கானிக்கையும் சும்மா சொல்லக்கூடாது. ஒரு தடவை கழற்றினால் அந்த லேபரிலேயே பழைய புஷ்களையும் மாற்றிவிடுவது நியாயம்தான்.

வீட்டில் செய்வதா? ஸ்ட்ரட்டை அப்படியே முழுசாக இறக்குவது வரை மச்சான் செய்யட்டும். உச்சியில் நடுவில் இருக்கும் நட்டை மட்டும் தொடவே கூடாது. அமுங்கிய ஸ்பிரிங்கைப் பிடித்து வைத்திருப்பது அதுதான்; கழன்றால் தாடை போகும். ஸ்பிரிங் கம்ப்ரஸர் உள்ள பட்டறையில் கொடுத்துப் பிரியுங்கள். திரும்ப மாட்டியதும் அலைன்மென்ட் பார்க்காவிட்டால் டயர் ஒரு பக்கமாகத் தேயும்.

ஆனால் காசை இறக்கும் முன் ஸ்ட்ரட்டின் தலை உட்காரும் தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். துருப்பிடித்து உள்ளே இறங்கினால் முதல் வேலை டிங்கரிங்தான். ஆர்.சி. எதுவரை புதுப்பித்திருக்கிறது என்றும் பாருங்கள். அது முடியப்போகிறது என்றால் கணக்கே வேறு.

ஆம்னி உற்பத்தி 2019-இல் நின்றாலும் பார்ட்ஸுக்குப் பஞ்சமில்லை. பில் போட்டு வாங்குங்கள். பட்டறையில் விடுவதென்றால் எஸ்டிமேட்டை எழுதி வாங்குங்கள், கழற்றிய சாமானைச் சாக்கில் போட்டுத் தரச் சொல்லுங்கள். மாற்றாமலே மாற்றியதாகப் பில் வந்தால் அந்தச் சாக்குதான் உங்கள் சாட்சி. பேசித் தீராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழையுங்கள். அப்புறம் இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் போகலாம். கொடுத்த தொகை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணமே கிடையாது. தொழிலுக்கு வைத்த வண்டிதானே என்பார்கள். சொந்தப் பிழைப்புக்கான சுயதொழில் என்றால் சட்டப்படி நீங்களும் நுகர்வோர்தான்.