இடுப்பு அகலமான, உயரம் குறைந்த பெண்ணுக்கு எந்த நீச்சல் உடை பொருந்தும்?

பண்டாரவளையிலிருந்து கேட்டிருக்கிறீர்கள். உயரம் 5 அடி, இடுப்பும் தொடையும் அகலம், தோள் ஒடுக்கம். வாரத்துக்கு ஒரு நாள் நீச்சல் வகுப்பு, ஓகஸ்ட் விடுமுறைக்குப் பாசிக்குடாக் கடற்கரை. கடையில் போட்டுப் பார்த்த 3 உடையும் சரிவரவில்லை, என் உடம்புதான் தோதில்லையோ என்று எழுதியிருக்கிறீர்கள். தங்கச்சி, உங்கள் உடம்பில் ஒரு குறையும் இல்லை. அந்த 3 உடையும் உங்கள் அளவுக்கு வெட்டியவை இல்லை, அவ்வளவுதான்.

நான் கட்டுநாயக்கவில் ஒரு கார்மென்ட்டில் 6 வருஷம் நீச்சல் உடை தைத்தேன். இப்போது டிக்கோயாவில் வீட்டோடு தையல். கார்மென்ட்டில் தினமும் எத்தனையோ ஸ்விம்சூட் என் கையைத் தாண்டிப் போகும். ஆனால் 33 வயது வரைக்கும் நான் ஒன்றைக்கூடப் போட்டதில்லை. மலையகத் தோட்டத்தில் பீலியில் குளித்து வளர்ந்தவள். பாவாடையை நெஞ்சுக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு நிற்போம். மேலிருந்து விழும் தண்ணீருக்கு அதைவிட வசதியான உடுப்பு இல்லை. அதே பாவாடையோடு தடாகத்தில் இறங்கினால் காற்றுப் புகுந்து குடை மாதிரி மேலே எழும்பிவிடும். முதல்முதல் கடலில் நான் இறங்கியது பருத்திச் சுடிதாரோடு. நனைந்ததும் அது கல் மாதிரி கனத்தது, கால்சட்டை முழங்காலைச் சுற்றிக்கொண்டது, இடுப்பளவுத் தண்ணீரிலேயே விழுந்தேன். பருத்தி தண்ணீரைக் குடிக்கும். நைலோனும் பொலியெஸ்டரும் அந்த அளவுக்குக் குடிக்காது. உடல் வாகு எதுவானாலும் துணி விஷயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள்.

சரி, அளவுக்கு வருவோம். எல்லாரும் மார்பு, இடை, இடுப்பு என்று மூன்றை அளப்பார்கள். மேலும் கீழும் ஒன்றாகத் தைத்த ஒற்றை ஸ்விம்சூட்டுக்கு நான்காவதாக ஒரு அளவு வேண்டும். தோளின் நடுவில் அளவு நாடாவை வைத்து, மார்பு வழியாக முன்னால் இறக்கி, கால்களுக்கு நடுவே கொடுத்து, முதுகு வழியாக அதே தோளுக்குக் கொண்டு வாருங்கள். எனக்கு அது 57 அங்குலம். உடையின் நீளம் இந்த அளவுக்குப் போதாவிட்டால் பட்டி தோளை அறுக்கும், கீழே இழுக்கும். கூடினால் கழுத்து தொங்கும், முதுகில் தண்ணீர் பை மாதிரி தேங்கும். தோளை அறுக்கிறதே என்று பெரிய சைஸ் எடுப்பார்கள். நீளம் சரியாகும், ஆனால் மார்புப் பக்கம் லூசாகிவிடும். கடையில் உங்களுக்கும் அநேகமாக இந்த அளவுதான் பொருந்தாமல் போயிருக்கும்.

உங்களுக்கு நான் சொல்வது டான்கினி. மேல் சட்டை தனி, கீழ் ஜட்டி தனி. மேலுக்கு ஒரு சைஸ், கீழுக்கு ஒரு சைஸ் எடுக்கலாம். மேல் சட்டை இடுப்பெலும்போடு நிற்கட்டும், தொடை வரை இறங்க வேண்டாம். நிறம், பூ, சுருக்கு எல்லாம் மேலே இருக்கட்டும், கீழே கடும் நீலமோ கறுப்போ ஒரே நிறம். பார்ப்பவர் கண் தோளுக்குப் போகும், ஒடுங்கிய தோளும் நிறைவாகத் தெரியும். கால் வெட்டு கொஞ்சம் உயர்ந்திருந்தால் கால் நீளமாகத் தெரியும். வெட்கமாக இருந்தால் முழங்காலுக்குச் சற்று மேலே நிற்கும் ஷோர்ட்ஸ் போடுங்கள். தொடையின் அகலமான இடத்தில் முடியும் குட்டை ஷோர்ட்ஸ் மட்டும் வேண்டாம். மலை ஏறி இறங்கிய நம் கால்கள் உறுதியானவை, அந்த இடத்தில் இலாஸ்டிக் கடித்துச் சிவந்துவிடும். பாவாடை வைத்த ஸ்விம்சூட்டைக் கடைக்காரர்கள் அகலத்தை மறைக்கும் என்று தருவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. ஓரம் அகலமான இடத்திலேயே வந்து நிற்கும், நீந்தும்போது தண்ணீரும் இழுக்கும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். மார்பு பெரிதானால் கழுத்துக்குப் பின்னால் முடியும் பட்டியை விடுங்கள். முழுப் பாரமும் கழுத்தில் விழும், சாயங்காலம் தலைவலி. அகலமான தோள்பட்டி, மார்புக்குக் கீழே இறுக்கமான இலாஸ்டிக், உள்ளே கப், இவைதான் தாங்கும். வயிறு பெரிதானால் சைஸைக் குறைத்து இறுக்காதீர்கள், மேலும் கீழும் பிதுங்கும். முன்பக்கம் உள்ளே வலை லைனிங் வைத்து, வெளியே குறுக்காகச் சுருக்கிட்ட உடை நன்றாக இருக்கும். சிசேரியன் தழும்பு உள்ளவர்கள் இடைப்பட்டி எங்கே உட்காருகிறது என்று பாருங்கள். தழும்பில் உராயாமல் தொப்புளுக்கு மேலே ஏறி நிற்க வேண்டும். தோள் அகலமானவர்கள் பண்டாரவளைத் தங்கச்சிக்குச் சொன்னதைத் தலைகீழாகச் செய்யலாம்: மேலே கடும் நிறம், கீழே பூவும் சுருக்கும்.

உடம்பு முழுக்க மூட விரும்புகிறவர்களுக்குப் புர்கினி இருக்கிறது. 2004இல் ஆஸ்திரேலியாவில் அஹெதா சனெட்டி என்ற பெண் வடிவமைத்தது. கம்பளையிலிருந்து வரும் ஒரு முஸ்லிம் அக்காவுக்கு அந்த மாதிரியில் தைத்துக் கொடுத்தேன். மேல் சட்டையின் உள்ளே சிறு நாடா வைத்துக் கால்சட்டையோடு முடிந்தால் சட்டை மேலே மிதக்காது. உங்கள் டான்கினிக்கும் இந்த வழியைப் பிடிக்கலாம்.

கடையில் போட்டதும் கண்ணாடி முன் நேராக நின்று பார்த்துவிட்டு வந்துவிடாதீர்கள். குந்துங்கள், குனியுங்கள், இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்குங்கள். ஒரு தடவைகூடக் கையால் இழுத்துவிடத் தோன்றவில்லையென்றால் அது உங்கள் உடை. நனைந்தால் இன்னும் கொஞ்சம் தளரும், அதனால் காய்ந்திருக்கும்போது உடம்போடு ஒட்டியே இருக்க வேண்டும். வெளிர் நிறத் துணியை இழுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள். உள்ளே வைத்த விரல் தெரிந்தால் வேண்டாம்.

தைக்கக் கொடுப்பதென்றால் தையற்காரரிடம் ஒன்று கேளுங்கள்: சிக்சாக் தையல் போடுவாரா? நேர்த்தையல் இழுபடாது, தண்ணீரில் கையை வீசியதும் நூல் அறுந்துவிடும். வகுப்புக்குப் போடுவதற்குப் பொலியெஸ்டர் அதிகமுள்ள துணி வாங்குங்கள். தடாகத்துக் குளோரின், துணியிலுள்ள லைக்ரா என்ற இழுபடும் நூலை அரித்துத் தொளதொளவென்று ஆக்கிவிடும். ஏறியதும் நல்ல தண்ணீரில் அலசுங்கள், முறுக்கிப் பிழியாதீர்கள்.

அப்புறம், நம் ஊர் மூடுபனியில் எதுவும் லேசில் காயாது. அதனால் அடுப்புக்கு மேலே கொடியில் போடுவோம், இல்லையா? ஸ்விம்சூட்டை அங்கே போடவே கூடாது, சூட்டில் லைக்ரா செத்துவிடும். தடித்த துவாயில் சுருட்டி அழுத்தி, காற்றுப் படும் இடத்தில் நிழலில் விரியுங்கள். அந்த நான்காவது அளவை எடுத்துக் கருத்துப் பகுதியில் போடுங்கள். ஒற்றை ஸ்விம்சூட்தான் வேண்டுமென்றாலும் எங்கே எவ்வளவு கூட்டிக் குறைக்கலாம் என்று சொல்கிறேன்.